கண்ணாடிச் சுவரும் நிறைப் பலகையும்: கிளிநொச்சியில் பெண்களுக்கான ஓர் உடற்பயிற்சிக்கூடத்தில் ஐந்து மாதங்கள்

கிளிநொச்சி நகரில் ஏ9 வீதியிலிருந்து சற்று உள்ளே, ஒரு கடைத்தொகுதியின் மேல்மாடியில், பெண்களுக்கெனத் தனி நேரம் ஒதுக்கி நடத்தப்படும் உடற்பயிற்சிக்கூடம் ஒன்றில் கடந்த தை மாதம் தொடக்கம் ஐந்து மாதங்கள் பயிற்சி செய்திருக்கிறேன். சேர்வதற்கு முன்னர் அதைப் பற்றி விசாரித்தபோது, "நல்லம்", "பரவாயில்லை" என்பவற்றுக்கு மேல் எவரும் எதுவும் சொல்லவில்லை. மாதம் மூவாயிரம் ரூபாயையும் வாரத்தில் நான்கு விடியற்காலைகளையும் ஒதுக்கப்போகும் ஒரு பெண் அதைவிட அதிகமாக அறிந்திருக்க வேண்டும் என்பதால் இதை எழுதுகிறேன். கூடத்தின் பெயரைக் குறிப்பிடவில்லை. இங்கே சொல்லவிருக்கும் குறைகளை அதை நடத்தும் சகோதரியிடம் நேரிலேயே சொல்லியிருக்கிறேன். அவர் பொறுமையாகக் கேட்டதோடு சிலவற்றை மாற்றியும் வருகிறார். பெயர் போட்டு எழுதினால் அவர் திருத்திய பின்னும் பழைய குறையே அவரைத் தொடரும்.

என்னைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நான் பாடசாலையில் சுகாதாரமும் உடற்கல்வியும் கற்பிக்கும் ஆசிரியை. வயது 41. இரண்டு ஆண்டுகளாக வலது முழங்காலில் நோவு இருந்தது. மேல்மாடி வகுப்புகளுக்கு ஏறி இறங்குவது வேதனையாகிவிட்டது. மூட்டைத் தாங்கும் தொடைத் தசைகள் பலவீனமாகியிருப்பதாகவும், மாத்திரையைவிட அவற்றைப் பலப்படுத்தும் பயிற்சியே எனக்கு வேண்டியது என்றும் வைத்தியர் சொன்னார். அந்த ஒரே காரணத்துக்காகத்தான் அந்தப் படிகளில் ஏறினேன். ஏறிய காரணம் இன்னதென்று இவ்வளவு திட்டமாகச் சொல்வதற்குத் தேவை இருக்கிறது. அந்தக் காரணம் மூன்று வாரத்துக்குள் என் கையிலிருந்து நழுவிப்போனது.

முதலில் இடத்தின் வசதிகள். பெண்களுக்கான நேரம் காலை 5.30 முதல் 7.30 வரையும் பிற்பகல் 3.00 முதல் 5.30 வரையும் ஆகும். அந்த நேரங்களில் ஆண்கள் எவரும் மேலே வருவதில்லை. படிக்கட்டின் அடியில் உள்ள கதவு உட்புறமாகத் தாழிடப்படுகிறது. பயிற்றுநரும் இருபதுகளின் நடுவில் உள்ள ஒரு பெண். இரண்டு ட்ரெட்மில்கள், மூன்று பயிற்சிச் சைக்கிள்கள், ஒரு கிலோவில் தொடங்கிப் பதினைந்து கிலோ வரை டம்பெல்கள், கயிறு இழுக்கும் இயந்திரம் ஒன்று, விரிப்பதற்குப் பாய்கள் ஆகியவை இருக்கின்றன. உடை மாற்றும் அறை சிறியதென்றாலும் கதவும் கொளுக்கியும் சரியாக உள்ளன. மலசலகூடம் துப்புரவாக இருக்கிறது. சீற் கூரை என்பதால் பங்குனி, சித்திரையில் பிற்பகல் நேரம் தாங்க முடியாத வெக்கையாக இருந்தது. மின்சாரம் நின்றால் மின்விசிறியும் நின்றுவிடும். காலை நேரமே நல்லது.

வீதியில் நடந்தால் காசு மிச்சம்தானே என்று பலர் கேட்டார்கள். நானும் நடந்து பார்த்தவள்தான். குளக்கட்டில் விடியப்புறம் நடப்பதைப் போல உடம்புக்கும் மனதுக்கும் இதமான வேறொன்றை நான் அறியேன். ஆனால் அதற்கு வீட்டிலிருந்து குளக்கட்டு வரை விளக்கில்லாத குறுக்குத் தெருவைக் கடக்க வேண்டும், தெருநாய்களைக் கடக்க வேண்டும், அதற்கும் மேலாக "ரீச்சர் எங்க தனியப் போறா" என்ற கேள்வியைக் கடக்க வேண்டும். தாழிடப்பட்ட கதவுக்குப் பின்னால், யாருடைய பார்வையும் படாமல், கைகளை வீசி உடலை அசைக்கக் கிடைக்கும் ஒன்றரை மணித்தியாலத்தின் பெறுமதி என்னவென்று இங்குள்ள பெண்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அந்தப் பாதுகாப்பை இந்தக் கூடம் முழுமையாகத் தருகிறது. அப்படியிருக்க, வெளியே நிறுத்திவைத்த அந்தப் பார்வையைச் சுவரிலும் பலகையிலும் படிவத்திலுமாக உள்ளே கொண்டுவந்து வைத்திருந்ததுதான் எனது மனத்தாங்கல்.

படிவத்திலிருந்து தொடங்குகிறேன். சேரும்போது ஒரு தாள் தருவார்கள். பெயர், வயது, தொலைபேசி, உயரம், தற்போதைய நிறை, இலக்கு நிறை என்பவற்றுக்குக் கீழே ஒரேயொரு கேள்வி இருந்தது: "எத்தனை கிலோ குறைக்க விரும்புகிறீர்கள்?" நீரிழிவு உண்டா, பிறசர் உண்டா, என்ன மாத்திரை எடுக்கிறீர்கள், பழைய காயம் ஏதேனும் உண்டா என்பவை எவையும் கேட்கப்படவில்லை. நான் அந்த இடத்தில் "முழங்கால் நோவு" என்று எழுதிக் கொடுத்தேன். பயிற்றுநர் வாசித்துவிட்டு, "ரீச்சர், இதில நம்பர்தான் போட வேணும். ஒரு ஆறு கிலோ போடுவமே?" என்று கேட்டு, என் பதிலுக்குக் காத்திராமல் ஆறு என்று எழுதினார். அவர் பண்பான பிள்ளை. அவருக்குக் கற்றுக்கொடுக்கப்பட்ட முறை அது. ஆனால் அந்த ஆறு அன்று தொடக்கம் என்னுடனேயே வந்தது. மூன்றாவது வாரத்தில் படி ஏறும்போது நோவு குறைந்திருந்ததை நான் கவனிக்கவே இல்லை. நிறை அரைக் கிலோ கூடியிருந்ததைக் கவனித்தேன், அன்று முழுவதும் மனம் சோர்ந்திருந்தேன்.

ஆண்களும் பெண்களும் எதற்காக உடற்பயிற்சி செய்கிறார்கள் என்பதை அறிவதற்காக அமெரிக்க ஆய்வாளர்களான சில்பர்ஸ்ரைனும் அவருடைய சகாக்களும் 1988ஆம் ஆண்டிலேயே ஒரு வினாக்கொத்தை உருவாக்கினார்கள். நிறையைக் கட்டுப்படுத்துதல், உடல் தகைமை, ஆரோக்கியம், உடலை இறுக்கமாக வைத்திருத்தல், மனநிலையைச் சீராக்குதல், கவர்ச்சியாகத் தோன்றுதல், மகிழ்ச்சி என ஏழு வகைக் காரணங்களை அது பிரித்துக் கேட்கிறது. பிற்கால ஆய்வுகள் இவற்றை இரண்டு பெரும் பக்கங்களாகப் பார்த்தன: உடல் எப்படித் தெரிகிறது என்பது சார்ந்த காரணங்கள் ஒரு பக்கம், உடல் எப்படி இயங்குகிறது, எப்படி உணர்கிறது என்பது சார்ந்த காரணங்கள் மறுபக்கம். ஏழு கேள்விகள் கேட்கப்பட வேண்டிய இடத்தில் இந்தக் கூடம் ஒரே கேள்வியைக் கேட்டது. அதுவும் முதற் பக்கத்தைச் சேர்ந்த கேள்வி.

இந்த இரண்டு பக்கங்களுக்கும் இடையிலான வேறுபாடு சிறியதல்ல. 1997இல் பார்பரா பிரெட்றிக்சன், ரோமி-ஆன் றொபேட்ஸ் என்ற இரு உளவியலாளர்கள், பெண்ணின் உடலைப் பார்வைப் பொருளாக நடத்தும் சமூகத்தில் வளரும் பெண் காலப்போக்கில் தன்னைத் தானே வெளியிலிருந்து பார்க்கப் பழகிவிடுகிறாள் என்றும், தன் உடலுக்குள் இருந்து வாழ்வதற்குப் பதிலாக அதைக் கண்காணிப்பவளாக மாறுகிறாள் என்றும் விளக்கினார்கள். அவுஸ்திரேலியாவின் பிளிண்டர்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மரிகா ரிக்மனும் சகாக்களும் உடற்பயிற்சிக்கூடங்களுக்குச் செல்லும் இளம்பெண்களிடம் இதை ஆராய்ந்து 2003இல் வெளியிட்டார்கள். தன்னை இவ்வாறு கண்காணிக்கும் பழக்கம் கூடிய பெண்கள் தோற்றத்துக்காகப் பயிற்சி செய்பவர்களாக இருந்தார்கள். தோற்றத்துக்காகச் செய்பவர்களிடம் தம் உடல் மீதான திருப்தியும் தம்மைப் பற்றிய மதிப்பும் குறைவாக இருந்தன. ஆரோக்கியத்துக்காகவும் தகைமைக்காகவும் செய்தவர்களிடம் அவை கூடுதலாக இருந்தன. 2008இல் ஐவங்கா பிரிச்சார்ட்டும் ரிக்மனும் 18 முதல் 71 வயது வரையான 571 பெண்களிடம் இதை விரிவாகப் பார்த்தபோது, ட்ரெட்மில் போன்ற இயந்திரங்களில் கூடிய நேரம் செலவிடுவது உடல் பற்றிய மனக்குறையோடும் உணவுப் பழக்கக் கோளாறுகளோடும் சேர்ந்து காணப்பட்டது. யோகா சார்ந்த வகுப்புகளில் தன்னைக் கண்காணிக்கும் பழக்கம் குறைவாகக் காணப்பட்டது. இயந்திரத்துக்கும் மனக்குறைக்கும் நடுவே நின்றது அந்தப் பெண் அதில் ஏறிய காரணம்தான் என்பதும் அந்த ஆய்வில் தெரிந்தது.

இவை அவுஸ்திரேலியப் பெண்களைப் பற்றியவை என்பதையும், ஒன்றோடொன்று சேர்ந்து காணப்படுவதைக் காட்டுபவையே தவிர எது எதற்குக் காரணம் என்று தீர்ப்பவை அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஏற்கெனவே உடலைப் பற்றி மனக்குறை உள்ளவரே தோற்றத்துக்காகப் பயிற்சிக்கு வருகிறார் என்றும் வாதிடலாம். ஆனாலும் இந்த மேல்மாடியில் ஐந்து மாதங்கள் நான் கண்டது அந்த ஆய்வுகளோடு மிக நெருக்கமாகப் பொருந்தியது. ஒரு கூடம் எந்தக் காரணத்தைக் கேட்கிறதோ அந்தக் காரணத்தையே பெண்ணுக்குள் வளர்க்கிறது என்பதை என் சொந்த மனத்திலேயே கண்டேன்.

அடுத்தது கண்ணாடி. கூடத்தின் நீளப்பக்கச் சுவர் முழுவதும் நிலத்திலிருந்து கூரை மட்டம் வரை கண்ணாடி பதித்திருக்கிறார்கள். ட்ரெட்மில்களும் சைக்கிள்களும் அதை நோக்கியே வைக்கப்பட்டிருந்தன. பாரம் தூக்கும்போது முதுகு வளைகிறதா, முழங்கால் உள்நோக்கிச் சரிகிறதா என்று பார்க்கக் கண்ணாடி உதவும் என்பதை ஒரு உடற்கல்வி ஆசிரியையாக நான் ஏற்றுக்கொள்கிறேன். சைக்கிள் மிதிப்பவளுக்கு அது எதற்கு? கனடாவில் கத்லீன் மார்ட்டின் ஜினிஸ் தலைமையில் 2003இல் வெளியான ஓர் ஆய்வு இதையே பரிசோதித்தது. உடற்பயிற்சிப் பழக்கம் இல்லாத பெண்கள் 20 நிமிடம் சைக்கிள் மிதித்தார்கள், கண்ணாடிக்கு முன்னும் கண்ணாடி இல்லாமலும். கண்ணாடி இல்லாதபோது கிடைத்த மன ஆறுதல் கண்ணாடிக்கு முன் கிடைக்கவில்லை. தன் உடலைப் பற்றி அதிகம் கவலைப்படாத பெண்களுக்கும் அப்படியே. புதிதாகப் பயிற்சி தொடங்கும் பெண்களே இந்தக் கூடத்துக்குப் பெரும்பாலும் வருகிறார்கள். முதல் வாரத்தில் வந்து, சுடிதாரின் சால்வையை இழுத்து வயிற்றை மூடியபடியே மிதித்துவிட்டு, இரண்டாவது வாரத்தில் காணாமற்போன நான்கு பேரையாவது நான் எண்ணியிருக்கிறேன்.

கண்ணாடியைவிடக் கனமானது வாய்ச்சொல் என்பதையும் இங்கே சேர்க்க வேண்டும். உடல்தோற்றம் குறித்துக் கூச்சம் அதிகமுள்ள பெண்களை வைத்து 2007இல் அமெரிக்காவில் வெளியான இன்னொரு ஆய்வில், ஒரே வகுப்பைக் கண்ணாடியோடும் கண்ணாடி இல்லாமலும், பயிற்றுநர் ஆரோக்கியத்தைப் பற்றிப் பேசியும் தோற்றத்தைப் பற்றிப் பேசியும் நடத்திப் பார்த்தார்கள். கண்ணாடியால் பெரிய வித்தியாசம் வரவில்லை. பயிற்றுநர் பேசிய பேச்சால் வந்தது: ஆரோக்கியத்தைச் சொல்லி நடத்திய வகுப்பில் இருந்த பெண்கள் கூடுதலாக மகிழ்ந்தார்கள், மீண்டும் வர விரும்பினார்கள். எமது பயிற்றுநர் முதல் மாதங்களில் வழக்கமாகச் சொன்ன உற்சாக வார்த்தைகள் இவை: "அக்கா, இன்னும் பத்துத் தரம், சாறி கட்டேக்க இடுப்பு வடிவா இருக்கும்." "அன்ரி, கைச்சதை தொங்குது, விடாதீங்கோ." அன்போடுதான் சொன்னார். கேட்டவர்கள் சிரித்தபடி தத்தம் கையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள்.

வன்னியில் பெண்ணின் உடலைப் பற்றிய பேச்சு மற்ற இடங்களைப் போல ஒரே திசையில் ஓடுவதில்லை. இதைச் சொல்லாமல் இந்தக் கூடத்தை மதிப்பிட முடியாது. "மெலிஞ்சு போனாய்" என்பது என் தாயின் தலைமுறைக்குக் கவலைச் சொல். 2009இல் முள்ளிவாய்க்கால் வரை நடந்து, பின்னர் செட்டிகுளம் மெனிக் பாம் இடம்பெயர்ந்தோர் முகாமில் சோற்றுக்கு வரிசையில் நின்ற குடும்பம் எங்களுடையது. அந்தக் காலத்தில் அடையாள அட்டைக்கென்று எடுத்த படமொன்றில் என் கன்னங்கள் உள்வாங்கி, கழுத்தெலும்பு துருத்தி இருக்கும். அம்மா அந்தப் படத்தைப் பார்க்கவே மாட்டார். மீள்குடியேறிய பிறகு எங்களுக்குள் ஒருவரைப் பார்த்து "கொஞ்சம் உடம்பு வைச்சிட்டியள்" என்று சொன்னால் அது வாழ்த்து. வீட்டில் அடுப்பு எரிகிறது, பிள்ளைகள் சாப்பிடுகிறார்கள், உயிர் நிலைத்துவிட்டது என்று அர்த்தம். ஆறு கிலோ குறைக்கப்போகிறேன் என்று நான் சொன்ன அன்று அம்மா எதுவும் பேசவில்லை. இரவு என் கோப்பையில் ஒரு அகப்பைச் சோறு கூடுதலாக இருந்தது.

அதே ஊரில், அதே வீடுகளில், இப்போது மகள்களுக்கு வேறொரு பேச்சு நடக்கிறது. வெளிநாட்டு மாப்பிள்ளை வீட்டுக்குப் படம் அனுப்ப வேண்டும். படத்தில் முகம் மெலிந்து, நிறம் வெளுத்துத் தெரிய வேண்டும். வெயிலில் நடந்தால் கறுத்துவிடுவேன் என்பதற்காகவே ட்ரெட்மிலுக்கு வந்த பிள்ளைகள் இருந்தார்கள். கூடமும் இதை அறிந்து ஒரு "கல்யாணப் பக்கேஜ்" வைத்திருக்கிறது: 45 நாள், 15,000 ரூபாய், உணவு அட்டவணை உட்பட. அந்த உணவு அட்டவணையை நான் வாங்கி வாசித்தேன். இரவுக்கு ஒரு வெள்ளரிக்காயும் ஒரு கோப்பை கிறீன் ரீயும் என்று எழுதியிருந்தது. பகல் முழுவதும் ஆடைத் தொழிற்சாலையில் நின்று வேலை செய்யும் 24 வயதுப் பிள்ளைக்கு அது உணவல்ல. இந்த அட்டவணையை எவரும் பின்பற்ற வேண்டாம் என்று என் பொறுப்பில் சொல்கிறேன். உணவில் மாற்றம் வேண்டுமென்றால் அரச வைத்தியசாலையின் கிளினிக்கில் கேட்பதே முறை.

அந்தப் பக்கேஜில் சேர்ந்திருந்த ஒரு பிள்ளை பயிற்சிக்கு ஒரு நாளும் தவறியதில்லை. 40ஆம் நாள் அளவில் மூன்று கிலோ குறைந்திருந்தது. வாழ்த்துச் சொன்னேன். "மூண்டு கிலோ குறைஞ்சும், கண்ணாடியைப் பார்க்கேக்க முந்தியைவிட வயிறுதான் எனக்கு முன்னுக்குத் தெரியுது ரீச்சர்" என்றாள். கல்யாணம் ஆன பிறகு அவள் பயிற்சிக்கு வரவில்லை. வந்த காரியம் முடிந்ததும் உடற்பயிற்சியும் முடிந்துவிடுகிறது. அந்த 45 நாளில் அவளுடைய மூச்சு எவ்வளவு நீண்டது, காலில் எவ்வளவு பலம் வந்தது என்று அவளுக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை.

கூடத்தில் எனக்கு மிகவும் பிடிக்காமற்போனது நிறைப் பலகை. திங்கட்கிழமை காலை எல்லோரும் தராசில் ஏற வேண்டும். பெயரின் முதலெழுத்தோடு, குறைந்தால் பச்சை மையிலும் கூடினால் சிவப்பு மையிலும், வெள்ளைப் பலகையில் எழுதி வாரம் முழுவதும் சுவரில் தொங்கவிடுவார்கள். பயிற்சி தொடங்கிய பெண்ணின் நிறை ஒரு வாரத்தில் ஏறி இறங்குவதற்கு நூறு காரணங்கள் உண்டு. மாதவிடாய்க்கு முன் உடலில் நீர் தங்கும், தசை கூடும், முதல் நாள் உப்புச் சாப்பாடு கூடியிருக்கும். தெற்காசியப் பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 சென்ரிமீற்றருக்கு மேற்படாமல் இருப்பதை வைத்தியர்கள் முக்கியமாகப் பார்க்கிறார்கள். அந்த அளவுநாடா கூடத்தில் இருக்கவே இல்லை. தராசு மட்டும் இருந்தது. அதன் விளைவு, ஞாயிறு இரவு சாப்பிடாமல் வரும் பழக்கம் பரவியது. கனகபுரத்திலிருந்து வரும் ஓர் அன்ரி நீரிழிவுக்கு மாத்திரை எடுப்பவர். சில வகை மாத்திரைகளை எடுத்துவிட்டு உணவைத் தவிர்த்தால் இரத்தத்தில் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். மாசி மாதத்தின் ஒரு திங்கட்கிழமை தராசில் ஏறி இறங்கியதும் அவருக்குக் கை நடுங்கி, வியர்த்து, கண் இருண்டது. கீழே தேநீர்க் கடையில் சீனி கூடப் போட்டு வாங்கிவந்து பருக்கினோம். தெளிந்ததும் அவர் கேட்ட முதற் கேள்வி, "எவ்வளவு குறைஞ்சிருக்கு?" என்பது. அன்று பிற்பகலே நான் நடத்துநரைச் சந்திக்கச் சென்றேன்.

அந்த அன்ரி முதலில் வந்தது நிறைக்காக அல்ல என்பதை இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன். அவர் கிளினிக்கில் சொல்லி அனுப்பப்பட்டவர். உண்ட உணவிலிருந்து இரத்தத்தில் சேரும் சீனியில் பெரும்பங்கை உறிஞ்சிக்கொள்வது தசைதான். ஆகவே தசைக்கு வேலை கொடுப்பது நீரிழிவுள்ளவருக்கு மருந்தின் ஒரு பாதி. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் நடுத்தர வேகத்தில் உடலை இயக்க வேண்டும், குறைந்தது இரண்டு நாள் தசையைப் பலப்படுத்த வேண்டும் என்பது 2020இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டல். வயல் வேலையும் வீட்டு வேலையும் அந்த நிமிடங்களில் சேரும். சிறுபோகம், காலபோகம் என்று வயலில் நின்ற அவருக்கு நிமிடங்கள் குறையவில்லை; பலப்படுத்தும் பயிற்சிதான் தேவைப்பட்டது. அந்தத் தேவையோடு வந்தவரைத்தான் பலகை பச்சை மைக்காகப் பட்டினி கிடக்க வைத்தது.

இன்னொரு சகோதரியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர் அனுமதி தந்தார். அவருக்கு இடது முழங்காலுக்குக் கீழே செயற்கைக் கால். கண்ணாடிச் சுவருக்கு எட்டாத தூண் மறைவில் பாய் விரித்துத் தனியாகப் பயிற்சி செய்வார். முதல் நாள் பயிற்றுநர், நல்ல மனதோடுதான், "நீட்டுப் பான்ட் போட்டால் தெரியாது அக்கா" என்று சொல்லியிருக்கிறார். அதற்கு அவர் சொன்ன பதிலை என்னிடம் திரும்பவும் சொன்னார்: "தெரியிறதோ தெரியாததோ பிரச்சினையில்லை தங்கச்சி. மிச்சமிருக்கிற கால் பதினைஞ்சு வருசத்துக்கு மேல இரண்டு காலின்ர பாரத்தைத் தூக்குது. அதைப் பலப்படுத்தத்தான் வந்தனான்." இங்கே பெண்களின் உடலில் தழும்புகள் உண்டு, எடுக்க முடியாமல் விட்ட எறிகணைத் துண்டுகள் உண்டு, பாரம் சுமந்து தேய்ந்த மூட்டுகள் உண்டு. முன்னும் பின்னும் என்று இரண்டு படங்களை ஒட்டி வைக்கும் வழக்கம் இந்த உடல்களுக்கு எந்த விதத்திலும் பொருந்தாது. படிக்கட்டுச் சுவரில் அப்படியான படங்கள் ஒட்டியிருந்தார்கள். எங்களுக்கு முன் என்பது எந்த ஆண்டு?

அந்தச் சகோதரி முப்பது கிலோ இழுப்பதை ஒரு நாள் நான் பார்த்துக்கொண்டு நின்றேன். முகத்தில் இருந்த அமைதியை அந்தக் கூடத்தில் வேறு எவரிடமும் கண்டதில்லை. ஐந்து மாதமும் தவறாமல் வந்தவர்களை நினைத்துப் பார்க்கிறேன்: அவர், நீரிழிவுள்ள அன்ரி, பிரசவத்துக்குப் பின் முதுகு நோவோடு வந்த ஒரு தாதி, இரவில் நித்திரை வருவதில்லை என்று வந்த ஒரு தாய். எல்லோரும் உடல் செய்ய வேண்டிய ஒரு வேலைக்காக வந்தவர்கள். சிறிய எண்ணிக்கைதான், இதை வைத்துப் பொது விதி வகுக்க நான் முயலவில்லை.

நடத்துநரோடு நடந்த உரையாடல் நான் எதிர்பார்த்ததைவிட நீண்டது. அவரும் கடன் எடுத்து இயந்திரம் வாங்கியவர். நிறை குறைக்கிறோம் என்று சொல்லாவிட்டால் ஆட்கள் வருவார்களா என்ற பயம் அவருக்கு நியாயமானது. நான் கேட்டவை நான்கு: படிவத்தில் வருத்தங்களையும் மருந்தையும் கேளுங்கள், வந்த காரணத்தை அவர்கள் சொல்லிலேயே எழுத விடுங்கள், பலகையை எடுங்கள், சைக்கிள்களை யன்னல் பக்கம் திருப்புங்கள். பலகை அடுத்த வாரமே போய்விட்டது. சைக்கிள்கள் பங்குனியில் திரும்பின. இப்போது மிதிப்பவர்களுக்கு வேப்பமரமும் அதற்கு அப்பால் வீதியில் சைக்கிளில் போகும் பாடசாலைப் பிள்ளைகளும் தெரிகிறார்கள். படிவம் புதிதாக அச்சாகியிருக்கிறது, "எதற்காக வருகிறீர்கள்?" என்று கேட்டு மூன்று கோடு இடம் விட்டிருக்கிறார்கள். இலக்கு நிறைக் கட்டம் இன்னும் இருக்கிறது. படிக்கட்டுப் படங்களும் கல்யாணப் பக்கேஜும் அப்படியே இருக்கின்றன.

மிகப் பெரிய மாற்றம் பயிற்றுநரிடம் ஏற்பட்டது. இதற்கு நான் காரணமல்ல. அந்தச் செயற்கைக் கால் சகோதரியோடு பழகப் பழக அவருடைய வாய்ச்சொல் மாறியது. ஒவ்வொருவருக்கும் ஒரு சிறு கொப்பி வைத்து, எத்தனை கிலோ தூக்கினார், எத்தனை தரம் கதிரையிலிருந்து கை ஊன்றாமல் எழும்பினார் என்று எழுதத் தொடங்கினார். புதனும் சனியும் காலையில் அவர் நடத்தும் பலப்படுத்தும் வகுப்புத்தான் இந்தக் கூடத்தின் சிறந்த பகுதி. முதுகை எப்படி வைப்பது, மூச்சை எப்போது விடுவது, நோவு வந்தால் எந்த நோவு தொடரலாம், எந்த நோவு நிறுத்த வேண்டியது என்று பிரித்துச் சொல்லிக்கொடுக்கிறார். என் கொப்பியில் தை மாதம் கதிரையிலிருந்து எழும்பிய தடவை ஏழு, வைகாசியில் இருபத்திரண்டு. நிறை ஒரு கிலோதான் குறைந்திருக்கிறது. நான்காம் மாதத்தில் ஒரு நாள் பாடசாலை மேல்மாடிக்கு ஏறி, வகுப்பில் பாதி நேரம் கழிந்த பிறகே முழங்காலைப் பற்றி நினைக்காமல் ஏறிவந்ததை உணர்ந்தேன்.

ஆகவே, யாருக்கு இதைச் சொல்வேன்? மூட்டு நோவு, நீரிழிவு, பிறசர், முதுகுப் பலவீனம், நித்திரையின்மை என்று வைத்தியர் பயிற்சி செய்யச் சொன்ன பெண்களுக்குப் புதன், சனி வகுப்புகளைத் தயங்காமல் சொல்வேன். முதல் நாளே வருத்தத்தையும் மருந்தையும் எழுதிக் கொடுங்கள், வெறும் வயிற்றோடு வராதீர்கள். கல்யாணப் பக்கேஜைச் சொல்லமாட்டேன். பதின்ம வயதுப் பிள்ளைகளைத் தாய்மார் மெலிய வைப்பதற்காக அழைத்துவருவதை இரண்டு முறை கண்டேன். அந்தப் பிள்ளைகளை வலைப்பந்துக்கு அனுப்புங்கள் என்றே சொல்வேன், ஓடும்போது அவர்கள் பந்தைப் பார்ப்பார்கள். நிறை குறைய வேண்டும் என்ற விருப்பத்தோடு வருபவரை நான் குறை சொல்லவில்லை, என் மனத்திலும் அந்த ஆறு இடைக்கிடை எழும்பி வருகிறது. வருபவர் அதற்குப் பக்கத்தில் இன்னொரு காரணத்தையும், தன் உடல் தனக்குச் செய்து தர வேண்டிய ஒரு வேலையையும், அந்த மூன்று கோட்டில் எழுதி வைத்தால் நல்லது.

நான் ஆனி மாதத்துக்கும் கட்டணம் கட்டிவிட்டேன். அம்மாவுக்கும் 68 வயதில் படி ஏறக் கஷ்டமாக இருப்பதால் சென்ற சனிக்கிழமை அழைத்துச் சென்றேன். பார்ப்பதற்காக ஒரு நாள் வருபவரிடம் காசு வாங்குவதில்லை. யன்னலோரச் சைக்கிளில் பத்து நிமிடம் மிதித்தார். படிவத்தைக் கொடுத்தபோது என்னையே எழுதச் சொன்னார். எதற்காக என்று எழுத வேண்டும் என்றேன். "கோயிலுக்கு நடந்து போக" என்றார். அப்படியே எழுதினேன். இலக்கு நிறைக் கட்டத்தைப் பயிற்றுநர் பார்த்தார், வெறுமையாகவே விட்டார்.